கோபி பிரையன்ட்டின் கடைசி மூன்று சீசன்: முதலில் போனது காலா, கணக்கா?

மூணுபுள்ளி முருகு கேட்டது:

2012-13 சீசனில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய கோபிக்கு வயது 34. 78 ஆட்டம், ஆட்டத்துக்கு 38.6 நிமிடம், 27.3 புள்ளி, எறிந்ததில் 46.3 சதவீதம் கூடைக்குள். 2013 ஏப்ரல் 12-ம் தேதி கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில், முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, இடது அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) அறுந்தது. அதற்குப் பிறகு மூன்று சீசனில் அவர் ஆடியது 6, 35, 66 என்று மொத்தம் 107 ஆட்டம். 2014-15-ல் 37.3 சதவீதம், 2015-16-ல் 35.8. லீக் சராசரி 45-ஐ ஒட்டி இருந்த காலம் அது.

"அக்கிலிஸ் அறுந்தது, கதை முடிஞ்சது" என்றுதான் எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இன்னொரு என்பிஏ நட்சத்திரம் டொமினிக் வில்கின்ஸுக்கு 1992 ஜனவரியில், 32 வயதில், இதே காயம். அடுத்த சீசனில் ஆட்டத்துக்கு 29.9 புள்ளி எடுத்தார். கோபியே கடைசி ஆட்டத்தில் 60 எடுத்தார். கால் போயிருந்தால் அந்த 60 எப்படி? மனசு போயிருந்தால் அந்த 60 எப்படி?

உடம்புக்கு எவ்வளவு பங்கு, மனசுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா? "வயசாயிடுச்சு" என்ற ஒற்றைச் சொல் பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

---

கெண்டைக்கால் பதில்:

முருகு, வயசாவது என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர் இழப்பது முதலில் பலத்தை அல்ல, பலம் எழும் வேகத்தை. ஸ்குவாட்டில் பழைய எடையையே தூக்குவார். ஆனால் தரையை மிதித்த நொடியில் கெண்டைச்சதை விசையைத் தருவதற்கு முன்பைவிட ஒரு கணம் கூடுதலாகும். முதல் எட்டில் தற்காப்பாளரைத் தாண்டுவதும் தாண்டாததும் அந்த ஒரு கணத்தில்தான். வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் மெலிவது இதற்கு முக்கியக் காரணம்.

இப்போது அக்கிலிஸுக்கு வருவோம். கெண்டையில் மேலே இரட்டைத் தலைத் தசை, அதற்கு அடியில் தட்டையான சோலியஸ். இரண்டும் சேர்ந்து ஒரே நாணாகிக் குதிகால் எலும்பில் இறங்குகின்றன. அறுந்துபோவது பெரும்பாலும் குதிகாலுக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஓடும்போதும் குதிக்கும்போதும் இந்த நாண் உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு இழுவையைத் தாங்குகிறது.

அறுவை சிகிச்சையில் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து பூட் போட்டு, குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்து, வாரா வாரம் ஆப்பை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மூன்றாவது மாதவாக்கில் இரண்டு காலாலும் குதிகால் உயர்த்தல், அதற்குப் பிறகு ஒற்றைக் காலில், நாலைந்து மாதத்தில் மெதுவாக ஓட்டம், கடைசியில்தான் குதித்தல். தைத்த நாண் ஆறும்போது கொஞ்சம் நீண்டுவிடுவதுதான் சிக்கல். ஒரு செ.மீ., சிலருக்கு இரண்டு. உண்டிவில்லின் ரப்பரை ஒரு விரற்கடை நீளமாகக் கட்டிப் பாருங்கள். கல் போகும், தூரம் போகாது. அதேபோல நீண்ட நாணில் கெண்டைச்சதை முழுதும் சுருங்கிய பிறகும் இழுவை குறைவாகவே வரும். முன்பாதத்தை ஊன்றிக் குதிகால் முழுதாக எழும் கடைசி நேரத்தில்தான் பலம் காணாமல் போகும். குதிப்புக்கு உயரம் தருவது அந்தக் கடைசி நேரம்தான். இரண்டு வருடம் கழித்து அளந்தாலும் பத்து முதல் முப்பது சதவீதக் குறை தங்கிவிடுவது சாதாரணம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சாய்பலகையில் ஒற்றைக் காலில் நின்று 25 தடவை குதிகாலை உயர்த்த வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்; ஒவ்வொரு தடவையும் குதிகால் எத்தனை செ.மீ. எழுந்தது என்று அளக்க வேண்டும். 25-ஐயும் முடித்துவிட்டு உயரத்தில் கால்வாசி குறைகிறவர்கள் நிறைய. நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வந்த பிறகுதான் ஆட்டத்துக்கு அனுப்புவது முறை.

கோபி டிசம்பர் 8-ம் தேதியே களத்துக்கு வந்துவிட்டார். எட்டே மாதம். டொரண்டோவுக்கு எதிராக 9 புள்ளி, 8 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). ஆறாவது ஆட்டம் டிசம்பர் 17, மெம்ஃபிஸ். இடது கெண்டைக்கால் எலும்பின் மேல்தட்டு, முழங்காலுக்குள் வெளிப்பக்கம், முறிந்தது. அதோடேயே ஆட்டத்தை ஆடி முடித்தார். அக்கிலிஸ்தான் இதற்குக் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தரையிறங்கும்போது கெண்டை வாங்க வேண்டிய அதிர்ச்சியை அது வாங்காவிட்டால், அடுத்த மாடியான முழங்கால்தான் வாங்கியாக வேண்டும். அதே கால் என்பதைக் கவனியுங்கள்.

---

ஸ்கோர்ஷீட் சுந்தரி பதில்:

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது முருகு. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள், அதாவது எதிராளி விதி மீறி மோதினால் கிடைக்கும் தனி எறிதலை.

ஃப்ரீ த்ரோவில் குதிப்பதில்லை, யாரும் மறிப்பதில்லை, மூச்சு வாங்கிக்கொள்ள நேரமும் உண்டு. அங்கே தேவைப்படுவது கை, கண், நிதானம். 2012-13-ல் 83.9 சதவீதம். 2014-15-ல் 81.3. 2015-16-ல் 82.6. கிட்டத்தட்ட அசையவே இல்லை. இத்தனைக்கும் இடையில் எறியும் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை வேறு (2015 ஜனவரி 21, நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தில் வலது தோளின் சுழல்தசைக் கட்டு கிழிந்தது, அப்போதும் இடது கையால் எறிந்து ஆடினார்). அதனால் கை போய்விட்டது, பதற்றம் வந்துவிட்டது என்ற இரண்டு கதையையும் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

அடுத்து, அந்த ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆட்டத்துக்கு 8.0 கிடைத்தது. பிறகு 6.9. பிறகு 4.3. ஃப்ரீ த்ரோ கிடைக்க வேண்டுமென்றால் தற்காப்பாளரைத் தாண்டி உள்ளே போய் மோத வேண்டும். வலது கைக்காரர் லே-அப்புக்கு (கூடைக்கு அருகே ஓடிவந்து எழும்பிப் போடும் எறிதல்) எழும்புவது இடது காலில். கெண்டைக்கால் சொன்ன குறை முதலில் தெரியும் இடம் இதுதான்.

மூன்றாவது கணக்கு. 2012-13-ல் எறிந்த 1595-ல் 407 தான் மூன்றுபுள்ளி முயற்சி, அதாவது நாலில் ஒன்று. 2015-16-ல் 1113-ல் 467, நூற்றுக்கு 42. உள்ளே போக முடியாதவர் வெளியே நின்றார். வெளியே நின்றும் உள்ளே விழுந்தது 28.5 சதவீதம்தான். அவர் எப்போதுமே மூன்றுபுள்ளியில் சுமார் ரகம் என்பதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், விடுங்கள்.

நான்காவதுதான் எனக்கு நெருடுவது. ஆட்டத்துக்கு எத்தனை தடவை எறிந்தார்? காயத்துக்கு முன் 20.4. 2014-15-லும் அதே 20.4. உள்ளே விழுவது 46-லிருந்து 37-க்கு இறங்கியும் எண்ணிக்கை அசையவில்லை. இதைக் காலின் மேல் எழுத முடியாது.

---

பெஞ்சுக்காரன் பதில்:

எல்லாரும் அறுந்த பிறகு நடந்ததையே பேசுகிறீர்கள். அறுவதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 13-ல் அட்லாண்டாவில் இடது கணுக்கால் மோசமாகச் சுளுக்கியது. கணுக்கால் முழுதாக மடங்காதபோது நாணுக்குத்தான் கூடுதல் இழுவை. ஏப்ரலில் லேக்கர்ஸ் பிளேஆஃபுக்குள் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) நுழைய முட்டிமோதிக்கொண்டிருந்ததால் அவர் உட்காரவே இல்லை. ஏப்ரல் 10, போர்ட்லாண்ட்: 48 நிமிடமும் களத்தில், 47 புள்ளி. 48 நிமிடம் என்பது மொத்த ஆட்டமும்! இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறக்குறைய 45 நிமிடம், அறுந்தது. பயிற்சியாளர் டி'ஆன்டோனி மீது பழி போட்டார்கள். உட்காரச் சொன்னால் உட்கார்கிற ஆளா அவர்?

அதற்கு முந்தைய 17 சீசனையும் கூட்டுங்கள். பள்ளி முடித்து 18 வயதில் நேரே லீக்குக்கு வந்தவர். ஓய்வு பெறும்போது சாதா ஆட்டங்களில் 48,637 நிமிடம், பிளேஆஃபில் மட்டும் 220 ஆட்டம். வலது முழங்கால் தேய்ந்துபோய் 2011-ல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபுக்குப் போய்த் தன் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த சீரத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு வந்தார். வலது கால் அப்படி, இடது கால் இப்படி. எந்தக் காலால் குதிப்பது?

---

மூணுபுள்ளி முருகு:

சுந்தரி அக்காவின் ஃப்ரீ த்ரோ கணக்கு அட்டகாசம். ஆனால் அந்த 20.4 எனக்கும் உதைக்கிறது. ஆட்டத்தை அவரளவுக்குப் படித்தவர்கள் குறைவு என்பார்கள். விழவில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஏன் குறைக்கவில்லை?

---

மனக்கணக்கு பதில்:

தெரிவது வேறு, உடம்பு நம்புவது வேறு. இதில் ஆணவம் என்ற சொல்லை எல்லாரும் சுலபமாகக் கையிலெடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

ஜம்ப் ஷாட்டை மூளை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடுவதில்லை. இந்தத் தூரத்துக்கு இவ்வளவு குதிப்பு, உச்சிக்குப் போகும் இந்தக் கணத்தில் கை விடுவிக்க வேண்டும் என்று பல லட்சம் தடவை எறிந்து பதிந்துபோன ஒரு கணக்கு இருக்கிறது. கால் தரும் விசை குறைந்தால் உச்சி சீக்கிரமே வந்துவிடும். கையோ பழைய கணத்துக்குக் காத்திருக்கும். அதனால் பந்து உடம்பு இறங்கும்போது புறப்படும். ரிம்மின் (கூடையின் வளையம்) முன்பக்கத்தில் இடித்துத் திரும்பும். பக்கவாட்டில் விலகுவது கையின் தவறு, முன்பக்கம் இடிப்பது பெரும்பாலும் காலின் தவறு. வீடியோவில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதைத் திருத்த முடியாதா என்றால், முடியும். அவரே முன்பு திருத்தியிருக்கிறார். 2009 டிசம்பரில் வலது ஆள்காட்டி விரல் எலும்பில் முறிவு. பந்தைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டு ஆடி, அந்த சீசன் முடிவில், 2010-ல், கோப்பையையும் வென்றார். விரலில் ஏற்பட்ட மாற்றம் நிலையானது. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. மூளை புதுக் கணக்கைப் பழகிக்கொள்ளும். காலில் வந்த குறை அப்படியல்ல. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு ஒரு கால், அடுத்தடுத்த நாள் ஆட்டமென்றால் வேறொரு கால்; முதல் குவார்ட்டரில் ஒன்று, நான்காவதில் இன்னொன்று. அளவுகோல் தினமும் சுருங்கி விரிந்தால் எதை வைத்துப் பழகுவது? இதைவிடக் கெடுதல், நல்ல நாட்களும் இடையிடையே வரும். ஒரு நல்ல நாள் வந்ததும் "இதுதான் நான், மற்றதெல்லாம் விபத்து" என்று மனசு எழுதிக்கொள்ளும்.

அடுத்தது அடையாளம். எறிகிறவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருவது: விழாத எறிதலை மறந்துவிடு, அடுத்தது விழும். 25 வயதில் இது மருந்து. 2006-ல் டொரண்டோவுக்கு எதிராக 81 புள்ளி எடுத்ததும் இந்தப் பாடத்தால்தான். 36 வயதில் அதே பாடம், உடம்பு கொடுக்கும் தகவலைக் காதில் விழாமல் செய்துவிடுகிறது. 2014 நவம்பரில் லீக் வரலாற்றிலேயே அதிக எறிதல்களைத் தவறவிட்டவர் என்ற சாதனையை ஜான் ஹாவ்லிசெக்கிடமிருந்து எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே மொத்தப் புள்ளியில் மைக்கேல் ஜோர்டானைத் தாண்டினார். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு ரசீது.

சுற்றியிருந்தவர்களும் உதவவில்லை. களத்துக்குத் திரும்பும் முன்பே, 2013 நவம்பரில், இரண்டு ஆண்டுக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தம். அந்தச் சம்பளத்துக்கு நட்சத்திரமாகத்தான் ஆட வேண்டும். பக்கத்தில் சக நட்சத்திரங்களில் ஹாவர்டும் இல்லை, காசோலும் போய்விட்டார், நாஷ் முதுகோடு போராடிக்கொண்டிருந்தார். "குறைத்துக்கொள்" என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவருக்குச் சமமான குரல் அந்த அறையில் இல்லை.

---

ஸ்கோர்ஷீட் சுந்தரி:

மனக்கணக்கு சொன்னதற்கு ஒரு வாரத்துச் சாட்சி. 2014 டிசம்பர் 21, சாக்ரமென்டோ ஆட்டம்: 30 எறிதலில் 8 உள்ளே, 9 டர்ன்ஓவர். உடம்பு முழுக்க அசதி என்று அடுத்த மூன்று ஆட்டம் உட்காரவைத்தார்கள். முதல் நாளே, 23-ம் தேதி, அந்த சீசனில் கோப்பை வென்ற கோல்டன் ஸ்டேட்டை, கோபி இல்லாத லேக்கர்ஸ் 115-105 என்று தோற்கடித்தது. ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாதுதான். ஆனால் 36 வயதுக்காரருக்கு ஆட்டத்துக்கு 35 நிமிடம் என்று சீசனைத் தொடங்கியது தவறு என்று அந்த வாரம்தான் அணிக்கு உறைத்தது. அப்போதைய பயிற்சியாளர் பைரன் ஸ்காட் பிறகு நிமிடத்தைக் குறைத்தார். நான்கு வாரத்தில் தோள் கிழிந்தது.

---

பெஞ்சுக்காரன்:

சரி, வில்கின்ஸை யாரும் தொடவே இல்லையே? அதுதானே கேள்வியில் கனமான பாதி.

---

கெண்டைக்கால்:

தொடலாம். வில்கின்ஸ் விதிவிலக்கு. 1988-லிருந்து 2011 வரை என்பிஏ-வில் அக்கிலிஸ் முழுதாக அறுந்து தைத்துக்கொண்ட 18 பேரை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், 7 பேர் லீக்குக்குத் திரும்பவே இல்லை. திரும்பியவர்களும் பெரும்பாலும் தரம் இறங்கித்தான் திரும்பினார்கள். ஐசையா தாமஸ் 1994-ல் அறுந்ததோடு ஓய்வே பெற்றுவிட்டார்.

வில்கின்ஸுக்கும் கோபிக்கும் வித்தியாசம் மூன்று. காயம் ஜனவரியில் வந்ததால் மீதி சீசனும் கோடையும் முழுதாகக் கிடைத்தது, அவசரமில்லை. திரும்பியதும் அதே காலில் இன்னொரு எலும்பு முறியவில்லை. மூன்றாவதாக, ஆட்டத்தில் மூன்றுபுள்ளி எறிதலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார், அது அவருக்கு விழவும் செய்தது.

இன்னும் நல்ல ஒப்பீடு கெவின் டுராண்ட். 2019 ஜூன் 10, இறுதிப் போட்டித் தொடரில் வலது அக்கிலிஸ். வயது 30. அடுத்த சீசன் முழுவதையும் விட்டுவிட்டார். 2020 டிசம்பரில், பதினெட்டு மாதம் கழித்து வந்து, 26.9 புள்ளி, 53.7 சதவீதம். எட்டு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்த 90 சதவீதச் சோதனை அடங்கியிருக்கிறது. உடல்வாகையும் சேர்த்துச் சொல்லணும். டுராண்ட் ஏழடியை ஒட்டிய ஆள். நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் எழும்பினாலே பந்து எட்டாத உயரத்தில் புறப்படும். கோபி ஆறடி ஆறங்குலம். அவருடைய ஃபேட்அவே, பின்பக்கம் சாய்ந்துகொண்டே எழும்பும் எறிதல். உயரத்தையும் இடைவெளியையும் இரண்டையும் காலிடமிருந்தே கடன் வாங்குகிற ஷாட் அது. கடன் கொடுத்த காலே நொடித்துப்போனது.

---

மூணுபுள்ளி முருகு:

தெளிவாகிவிட்டது. அந்த 60 மட்டும் பாக்கி.

---

மனக்கணக்கு:

அதற்கு 2015 நவம்பருக்குப் போகணும். 24-ம் தேதி கோல்டன் ஸ்டேட்டிடம் 14-ல் 1. 29-ம் தேதி, இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்தார். அதுவரை சீசனில் 30 சதவீதத்தை ஒட்டித்தான் விழுந்துகொண்டிருந்தது. முடிவில் 35.8 என்றால், அறிவித்த பிறகு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடம்பு இளமையாகவில்லை, ஒவ்வோர் எறிதலும் "இன்னும் அதே ஆள்தானா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை நீங்கியது. என் வாதத்துக்கு எதிரான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே அறிவிப்பு, போகிற ஊரெல்லாம் பிரியாவிடைக் கூட்டமும் கைதட்டலுமாக ஆக்கிவிட்டது. 17 வெற்றி 65 தோல்வி என்ற அணியில் அவர் எத்தனை எறிந்தாலும் கேட்க ஆளில்லை.

---

ஸ்கோர்ஷீட் சுந்தரி:

2016 ஏப்ரல் 13. 42 நிமிடம், 50 எறிதல், 22 உள்ளே, 44 சதவீதம். மூன்றுபுள்ளியில் 21-க்கு 6. ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. நான்காவது குவார்ட்டரில் மட்டும் 23 புள்ளி. லேக்கர்ஸ் 101-96. எதிரணி யூட்டாவுக்கு அன்று பிளேஆஃப் கனவு கலைந்துவிட்டிருந்தது. இரண்டு நாள் முன்பு ஓக்லஹோமா சிட்டியில் முதல் பாதியோடு உட்கார்ந்துவிட்டதால் கால் ஓய்வாக இருந்தது. மறுநாளைக்கு மிச்சம் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கால் ஒரு இரவுக்கு ஒத்துழைத்தது. வாரத்துக்கு நாலு இரவு ஒத்துழைக்காது என்பதுதான் அவருடைய சிக்கலே.

மீதி வீடியோவில் இருக்கிறது. முதல் ஐந்து எறிதலும் விழவில்லை. முழு ஆட்டத்தையும் போட்டு, தவறிய 28-ல் எத்தனை ரிம்மின் முன்பக்கம், எத்தனை பக்கவாட்டு என்று குவார்ட்டர் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு சொன்னது சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

---

மூணுபுள்ளி முருகு:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணி இங்கேயே போடுகிறேன். பின்பக்கம் இடித்ததையும் தனி வரிசையில் எழுதணுமா அக்கா?

---

ஸ்கோர்ஷீட் சுந்தரி:

கண்டிப்பா. குறைந்த காலை ஈடுகட்டக் கையால் அதிகமாகத் தள்ளினால் பின்பக்கம்தான் இடிக்கும்.